வெள்ளம் வடிந்த பின் தெரியவரும் சேதம்



வாகனமொன்று மோதுண்டால் அதன் நசுங்கிய பகுதியை எவரும் காணலாம். உடைந்த கண்ணாடியைச் சிறு பிள்ளையும் சுட்டிக் காட்டும். ஆனால் வெள்ள நீரில் நின்ற வேனொன்றைக் கழுவித் துடைத்து, சீட்டுகளை வெயிலில் காயவைத்து, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புதிய மணமகளைப் போல் பளபளக்கும். அதன் கியர் பொக்ஸுக்குள் ஆற்றுத் தண்ணீர் இருப்பதை யார் அறிவார்? கதவுத் தகட்டின் உட்புறத்தில் தங்கிய சேறும், காபட்டின் கீழ் ஓடும் வயர்களின் இணைப்புகளில் பச்சையாகப் பூக்கும் களிம்பும் வெளியே தெரிய வாரங்கள் செல்லும், சிலவேளை மாதங்களும் செல்லும். அதற்குள் காப்புறுதிக் கம்பனி முதற் கோரிக்கைக்குரிய பணத்தைக் கொடுத்துக் கோவையை மூடியிருக்கும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் எத்தனை வாகனங்கள் இவ்வாறு நின்றன என்பதை அப்பகுதி வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 மே மாதம் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்கள் இதே சோதனையைக் கண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு ஊர்களும் தப்பவில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழிந்த பின் ஒரே கேள்வி எழுகிறது: "இப்போதுதான் பழுது தெரிகிறது, இனிமேல் கிளெய்ம் பண்ண முடியுமா?"

பெரும்பாலானோர் தாமே பதில் சொல்லிக் கொண்டு விடுகின்றனர். காலம் பிந்திவிட்டது என்று எண்ணி, மனைவியின் நகையை அடகு வைத்து வாகனத்தைத் திருத்துகின்றனர். சட்டமும் ஒப்பந்தமும் உண்மையில் என்ன சொல்கின்றன என்று கேட்பவர் குறைவு. எனவேதான் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நட்டம் ஏற்பட்டால் உடனடியாக அல்லது இயன்றளவு விரைவாக அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். சில பத்திரங்களில் இத்தனை நாட்களுக்குள் என்று எண்ணிக்கையும் குறிப்பிடப்பட்டிருக்கும். இந்த நிபந்தனைக்கு நியாயமான காரணம் உண்டு. நாட்கள் செல்லச் செல்ல, சேதம் வெள்ளத்தால் வந்ததா, பழைய தேய்மானத்தால் வந்ததா, பின்னர் நடந்த வேறொரு விபத்தால் வந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். கம்பனி கேட்பது இந்தச் சோதனைக்கான வாய்ப்பைத்தான்.

ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி அறிவிப்பார்? இங்கே இரண்டு நாட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் வந்த நாள் ஒன்று, உள்ளே பழுது இருப்பது உங்களுக்குத் தெரியவந்த நாள் மற்றொன்று. முதல் நாளில் வெள்ளத்தைப் பற்றி அறிவித்திருக்க வேண்டும். இரண்டாம் நாளில் மறைவான சேதத்தைப் பற்றி அறிவிக்க வேண்டும். முதலாவதைச் செய்தவருக்கு இரண்டாவது எளிதாகும். முதலாவதையே செய்யாது, "பெரிதாக ஒன்றும் இல்லைதானே" என்று வீட்டிலேயே கழுவி வைத்தவருக்குப் பாதை கடினம். ஆகவே வாகனம் சில்லு அளவு நீரில் நின்றிருந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்து, அதற்குரிய இலக்கத்தைப் பெற்று எழுதி வையுங்கள். பணம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அறிவித்ததற்குப் பதிவு இருக்கட்டும்.

இதனை வாசிக்கும்போது அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு வியாபாரப் பாடம் நினைவுக்கு வரும். வாங்கிய பொருளில் மறைவான குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் கூறியிருக்கின்றார்கள். எமது ஷாபிஈ மத்ஹபின்படி அந்த உரிமையைத் தாமதமின்றிப் பயன்படுத்த வேண்டும். ஆனால் நேரம் ஓடத் தொடங்குவது பொருளை வாங்கிய வேளையிலிருந்து அல்ல, குறையை அறிந்த வேளையிலிருந்துதான். அதிலும் எத்தனை கருணை பாருங்கள்! தொழுது கொண்டிருக்கும்போதோ உண்ணும்போதோ அறிந்தால் அதை முடித்துக் கொள்ளலாம். இரவில் அறிந்தால் விடியும்வரை பொறுக்கலாம். ஆனால் ஒரு கண்டிப்பும் உண்டு. குறையை அறிந்த பின் அப்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் அதை ஏற்றுக் கொண்டதாகிவிடும்.

காப்புறுதி ஒப்பந்தம் விற்பனை அல்ல, அதற்குரிய சட்டமும் வேறு. ஆயினும் அறிந்தவுடன் சொல், சொன்ன பின் ஓட்டாதே என்ற இந்த இரண்டும் காப்புறுதியிலும் அப்படியே பொருந்துகின்றன. கியர் பொக்ஸில் சத்தம் கேட்ட பின்னும் ஒரு மாதம் ஓட்டி, பற்சில்லு உடைந்த பின் கோரிக்கை விடுத்தால், சேதத்தைப் பெருக விட்டது நீங்கள்தான் என்று கம்பனி சொல்லும். அதில் தவறு காண முடியாது.

ஒரு பாடசாலை வேனின் கதை

2016 வெள்ளத்தின்போது எனக்கு அறிமுகமான ஒரு சகோதரரின் ஹயஸ் வேன் மூன்று நாட்கள் சீட் அளவு நீரில் நின்றது. அவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடத்துபவர். வேனுக்கு முழுக் காப்புறுதி இருந்தது, வெள்ளப் பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. நீர் வடிந்ததும் அவர் என்ஜினை இயக்காமல் இழுத்துச் சென்றது புத்தியான காரியம். காற்றுக் குழாய் வழியே உள்ளே நுழைந்த நீரோடு என்ஜினைச் சுழற்றினால், நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து படங்கள் எடுத்தார். சீட், காபட், என்ஜின் ஒயில், வடிகட்டிகள் ஆகியவற்றுக்குப் பணம் கிடைத்தது.

அதன் பின் ஜூன் முதல் வாரத்தில் நோன்பு பிறந்தது. முஸ்லிம் பாடசாலைகள் விடுமுறை. வேன் வீட்டு முற்றத்திலேயே நின்றது. பெருநாள் முடிந்து பாடசாலை திறந்து வேன் ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள் கியர் பொக்ஸ் இரைய ஆரம்பித்தது. ஹோர்ன் தானாக ஒலித்தது. கராஜ் பாஸ் கீழே சென்று ஒயில் ஆணியைக் கழற்றியபோது வடிந்தது கறுப்பு ஒயில் அல்ல, பால் தேநீர். டிஃபரென்ஷலிலும் அதே நிறம். ஒயிலோடு நீர் கலந்து கடையப்பட்டால் வரும் நிறம் அது. அசையாமல் நின்ற அந்த ஆறு வாரமும் பெயாரிங்குகளைத் துரு தின்றிருக்கிறது.

கம்பனிக்குத் தொலைபேசியில் சொன்னார். பதில் இரண்டே வரி: கோரிக்கை முடிந்துவிட்டது, கியர் பொக்ஸ் பழுது தேய்மானம். அத்தோடு விட்டுவிடத்தான் இருந்தார். அவரது மனைவிதான், "மௌலவிக்கிட்ட ஒரு கடிதமாவது எழுதிக் கேளுங்க" என்று அனுப்பி வைத்தாராம்.

நாங்கள் எழுதிய கடிதத்தில் வாதம் அதிகம் இருக்கவில்லை. காப்புறுதி இலக்கம், முதற் கோரிக்கையின் இலக்கம், வெள்ளம் வந்த நாள், மதிப்பீட்டாளர் பார்வையிட்ட நாள், வேன் ஓடாதிருந்த காலமும் அதற்கான காரணமும், சத்தம் கேட்ட நாள், ஒயில் திறந்து பார்த்த நாள் ஆகியவற்றை வரிசைப்படி எழுதினோம். முதற் சோதனையில் கியர் பொக்ஸும் டிஃபரென்ஷலும் திறக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட்டோம். இது புதிய கோரிக்கை அல்ல, அதே வெள்ளத்தின் தொடர்ச்சியான மேலதிகக் கோரிக்கை என்று தெளிவாக எழுதினோம். ஏனெனில் புதிய கோரிக்கையாகப் பதிந்தால், உரிமையாளர் தம் கையிலிருந்து கொடுக்கும் எக்செஸ் தொகையை இன்னொரு முறை கழிக்க இடமுண்டு. இறுதியாக, வேன் கராஜில் நிறுத்தப்பட்டிருக்கிறது, கழற்றுவதற்கு முன் வந்து பாருங்கள் என்று கேட்டோம். தமிழில் எழுதியதை எமது பாடசாலைச் சிங்கள ஆசிரியை மொழிபெயர்த்துத் தந்தார். பிரதியொன்றை வைத்துக் கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

எழுதிக் கொண்டிருக்கையில் உடன் வந்த நண்பரொருவர், "கிளச்சையும் சேருங்க, அவங்களுக்கு எங்க தெரியப் போகுது" என்றார். வேன்கார சகோதரர் சற்று நேரம் பேசாதிருந்தார். கிளச் பிளேட்டின் விலை அவருக்குச் சின்னத் தொகை அல்ல. பின்னர், "மௌலவி, கிளச் வெள்ளத்துக்கு முந்தியே தேஞ்சிதான் இருந்திச்சி. அத எழுத வாணாம்" என்றார். எழுதவில்லை. பழுது தெரிந்த தேதியை ஒரு கிழமை பிந்தி எழுதும்படி கூறிய ஆலோசனையையும் அவர் ஏற்கவில்லை.

கராஜ் பாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் முதலில் வடிந்த ஒயிலை ஒரு சோடாப் போத்தலில் பிடித்து, தேதி எழுதி அலுமாரியில் வைத்திருந்தார். வயர் இணைப்புகளைக் கழற்றாமலே படம் எடுத்திருந்தார். பழைய பெயாரிங்குகளை எடைக்குப் போடவில்லை. இரண்டாம் முறை வேறொரு மதிப்பீட்டாளர் வந்தபோது அந்தப் போத்தலைத்தான் நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கியர் பொக்ஸ், டிஃபரென்ஷல், வயர் வேலை மூன்றும் ஏற்றுக் கொள்ளப்பட்டன. பழையதுக்குப் பதில் புதிய உதிரிப்பாகம் போடுவதால் ஒரு பங்கை உரிமையாளர் மீது சுமத்திக் கழித்தார்கள். ஏசி கம்பிரஸரை மறுத்தார்கள், அது வெள்ளத்தால் கெட்டது என்று காட்ட எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. பணம் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதமாயிற்று. அதுவரை வாடகை வேனொன்றில் பிள்ளைகளை ஏற்றினார். கையில் மிஞ்சியது டீசல் காசுதான்.

கையொப்பம் இடுமுன்

மறைவான சேதத்தில் காலதாமதத்தை விட ஆபத்தானது ஒன்றுண்டு. பணம் பெறும்போது நீட்டப்படும் தாள்தான் அது. முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக இத்தொகையை ஏற்கிறேன் என்ற கருத்தில் வாசகங்கள் அதில் இருக்கலாம். அதில் ஒப்பமிட்ட பின் மேலதிகமாகக் கேட்பது பெரும் சிரமம். மேலே கூறிய சகோதரரின் அதிர்ஷ்டம், முதற் தொகைக்கு அவர் ஒப்பமிட்ட தாளில் திருத்திய பாகங்கள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தன.

ஆகவே வெள்ளத்தில் நின்ற வாகனத்துக்கு முதற் கோரிக்கையிலேயே எல்லா ஒயில்களையும் வடித்துப் பார்க்கும்படி மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பமிடும் தாளில், திறந்து பார்க்கப்படாத பாகங்களில் பின்னர் தெரியவரும் சேதம் இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். மறுத்தால் அவ்வாறு கேட்டதற்குக் கடிதமொன்றைக் கொடுத்து வையுங்கள். விளங்காத மொழியில் இருக்கும் தாளில் ஒப்பமிடாதீர்கள், தமிழில் கேளுங்கள். "பிறகு படிச்சிப் பார்க்கலாம் நானா" என்று அவசரப்படுத்துபவரிடம் அவசரப்படத் தேவையில்லை.

இன்னொரு விடயம். 2020 மார்ச் மாதம் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறியது யாவரும் அறிந்ததே. ஆனால் பத்திரத்தில் எழுதிய பெறுமதியைப் பலர் உயர்த்தவில்லை. 80 இலட்சம் பெறுமதியான வேனை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 4 இலட்சம் சேதத்துக்கு 2 இலட்சம்தான் தருவோம் என்று கூறும் விகிதாசார நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. புதுப்பிக்கும்போது இதையும், வெள்ளப் பிரிவு உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். முழுக் காப்புறுதி என்ற பெயரை மட்டும் நம்பி இருப்பது போதாது. லீசிங்கில் உள்ள வாகனமென்றால் அக்கம்பனிக்கும் அறிவியுங்கள். பெரிய தொகை அவர்கள் பெயருக்கே போகக் கூடும்.

சகோதரிகளே, பல வீடுகளில் இந்தத் தாள்கள் உங்கள் அலுமாரியில்தான் இருக்கின்றன. நீர் புகும் வீடென்றால் மேல் தட்டில் வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மறுக்கப்பட்டால்

காலதாமதம் என்ற ஒன்றையே காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுப்பது நியாயமா என்பது உலகெங்கும் வழக்காடப்பட்ட விடயம். அவுஸ்திரேலியாவின் 1984ஆம் ஆண்டுக் காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்தில் 54ஆம் பிரிவு இதைப் பற்றியதே. அறிவித்தல் பிந்தியது போன்ற தவறுகளுக்காகக் கோரிக்கையை முற்றாக மறுக்க முடியாது, அப்பிந்தலால் கம்பனிக்கு ஏற்பட்ட பாதிப்பின் அளவுக்குத் தொகையைக் குறைக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியாவில் 2011இல் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, தவிர்க்க முடியாத காரணத்தால் பிந்திய உண்மையான கோரிக்கைகளைப் பிந்தலுக்காக மட்டும் நிராகரிக்க வேண்டாம் என்று கம்பனிகளுக்கு அறிவுறுத்தியது. 2020 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள், திருடப்பட்ட வாகனம் பற்றிப் பொலிசுக்கு உடனே அறிவித்த ஒருவரின் கோரிக்கையைக் கம்பனிக்குப் பிந்தி அறிவித்தார் என்பதற்காக மறுக்க முடியாதென்று தீர்த்தனர். இவை எம் நாட்டைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் நீங்கள் கேட்பது பிச்சை அல்ல என்பது இவற்றிலிருந்து விளங்கும்.

மேலை நாடுகளில் குடும்பத்தோடு தங்கிச் செல்லும் கேம்பர் வண்டிகளில் இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. கூரையின் இடுக்கால் கசியும் மழைநீர் சுவர்ப் பலகைக்குள் இறங்கி உளுக்க வைத்து, மாதங்கள் சென்று தரை மெதுமெதுவென்று அமுங்கும்போதுதான் தெரியவரும். மரக்கிளை விழுந்து கூரை கிழிந்ததால் வந்த நீரென்றால் காப்புறுதி பொறுப்பேற்கும். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்ததென்றால் பராமரிப்புக் குறை என்று மறுக்கும். எம்மவர் வேனின் துருவிலும் இதுவே கேள்வி: ஒரு குறித்த சம்பவத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா? அதற்குப் பதில் சொல்வது உங்கள் வாய் அல்ல, அந்தச் சோடாப் போத்தல்தான்.

எம் நாட்டில் கம்பனியின் கிளை மறுத்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெறுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். அதன் பின் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், கட்டணமில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது. நீதிமன்றம் கடைசி வழி. அதற்கென்று பத்திரத்திலேயே கால எல்லை குறிக்கப்பட்டிருக்கலாம், அதைத் தவற விட வேண்டாம்.

காப்புறுதியே கூடுமா என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி வர்த்தகக் காப்புறுதியை விலக்கி, கூட்டுறவு அடிப்படையிலானதை அனுமதித்தது. விரிவாக இன்னொரு இதழில் பார்ப்போம். இங்கு சொல்ல வேண்டியது இதுதான்: தகாபுலில் நிதி என்பது உங்களைப் போன்ற பங்காளர்கள் நன்கொடையாகப் போட்ட பணம். பழைய கிளச்சை வெள்ளத்தின் கணக்கில் எழுதுபவர் எடுப்பது அந்தப் பங்காளரின் பையிலிருந்துதான்.

வெள்ளத்தில் நின்ற வாகனத்தைச் சொல்லாமல் விற்பதும் இதே வரிசையில் வருகிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருப்போம். வேன் வாங்கச் செல்பவரும் உள்ளே கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலே புதுச் சீட் உறை போட்டிருந்தால் காபட்டைக் கிளப்பி, சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு உண்டா என்று பாருங்கள். முன் விளக்கின் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். டேஷ்போட்டின் கீழ் கையை நீட்டி வயர் இணைப்புகளைத் தடவினால் சேறு விரலில் ஒட்டும். சீட் பெல்ட்டைப் பாதியில் நிறுத்தாமல் முடிவு வரை இழுங்கள். கழுவுபவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. வெள்ளம் ஏறிய மட்டம் அந்தக் கடைசிச் சாணில் மண்ணிறக் கோடாக இருக்கும்.